பேட்டி எடுப்பவர் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தால்

2019 மே மாதம் பிபிசி ரேடியோ 3 நிலையத்தில் ஒரு நூலாசிரியர் பேட்டி. அமெரிக்க எழுத்தாளர் நவோமி உல்ஃப் தன் புதிய புத்தகத்தைப் பற்றிப் பேச வந்திருந்தார். 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களைச் சட்டம் எப்படி ஒடுக்கியது என்பது புத்தகத்தின் பொருள். லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்ற ஆவணங்களைப் புரட்டியபோது, இந்தக் குற்றத்துக்காகப் பல டஜன் மரண தண்டனைகள் நிறைவேற்றப்பட்டதற்குச் சான்று கிடைத்ததாக அவர் சொன்னார். பேட்டி எடுத்த மேத்யூ சுவீட் அங்கேயே நிறுத்தினார். அது சரியென்று தனக்குத் தோன்றவில்லை என்றார்.

அந்த வழக்குகளுக்கு எதிரே ஆவணத்தில் இருந்த குறிப்பு, ‘மரணம் பதிவு செய்யப்பட்டது’ என்பது. ஆளைத் தூக்கிலிட்டுவிட்டார்கள் என்று உல்ஃப் அதைப் புரிந்துகொண்டார். நடந்தது நேர்மாறு. 1823ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நீதிபதிகளுக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டிருந்தது. மரண தண்டனைக்குரிய குற்றமாகவே இருந்தாலும், கைதி கருணைக்கு உரியவர் என்று தோன்றினால், தண்டனையை வாய்விட்டு அறிவிக்காமல் ஏட்டில் மட்டும் பதிந்துவிடலாம். அப்படிப் பதியப்பட்டால் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டதாகவே பொருள். புத்தகத்தில் தூக்கிலிடப்பட்டதாகச் சொல்லப்பட்ட தாமஸ் சில்வர் என்ற சிறுவன் பிற்பாடு விடுதலையானதைக் காட்டும் சிறைப் பதிவையும் சுவீட் கையோடு கொண்டுவந்திருந்தார். சில்வரின் வழக்கு 1859இல். இந்தக் குற்றத்துக்காக பிரிட்டனில் கடைசியாகத் தூக்கு நிறைவேறியதோ 1835இல்.

உல்ஃப் சண்டை போடவில்லை. மறுபடி பார்க்க வேண்டிய விஷயம் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த ஒலித்துண்டு இணையத்தில் பரவியது. அமெரிக்கப் பதிப்பாளர் முதலில் வெளியீட்டைத் தள்ளிவைத்தார், சில மாதங்களில் கைவிட்டே விட்டார்.

இதை ஓர் எழுத்தாளர் பலர் முன்னால் மாட்டிக்கொண்ட கதையாகத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் புத்தகம் ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டத்துக்காக நடந்த ஆய்விலிருந்து வளர்ந்தது. வழிகாட்டி, தேர்வாளர், பதிப்பாசிரியர் என்று எத்தனையோ பேரின் கண்களைக் கடந்த தவறு, கடைசியில் ஒரு வானொலி ஸ்டூடியோவில் பிடிபட்டது. பிடித்தவரிடம் மந்திரம் ஒன்றும் இல்லை. அவர் புத்தகத்தைப் படித்திருந்தார், விக்டோரியா காலத்தைப் பற்றி ஏற்கெனவே எழுதியவர், சந்தேகம் வந்த இடத்தில் மூல ஆவணத்தைத் தேடிப் பார்த்திருந்தார். அவ்வளவுதான். பொதுவாசகர்களுக்கான புத்தகங்களை வெளியிடும் நிறுவனங்கள் பலவற்றில் தகவல் சரிபார்ப்பு என்று தனி வேலை கிடையாது; அந்தப் பொறுப்பு எழுதியவர் தலையில்தான். அப்படியிருக்க, வரலாற்றாசிரியர் ஒருவரிடம் “இது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று வாய்விட்டுக் கேட்கப்படும் இடங்களில் வானொலிப் பேட்டியும் ஒன்றாகிவிடுகிறது.

எல்லாப் பேட்டிகளும் அப்படி அமைவதில்லை. பெரும்பாலானவை புத்தகத்துக்கான விளம்பரம். புத்தகம் வெளியாகும் வாரத்தில் ஆசிரியரை ஓர் அறையில் உட்காரவைத்து, ஊர் ஊராக இருக்கும் நிலையங்களோடு ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பது பதிப்புத் தொழிலில் பழகிப்போன ஏற்பாடு. ஒரு நிலையத்துக்குப் பத்து நிமிடம், அடுத்தது, அதற்கடுத்தது. நிலையங்களுக்குப் போகும் செய்திக்குறிப்போடு, கேட்கலாம் என்று யோசனை சொல்லும் கேள்விகளின் பட்டியலும் சேர்ந்தே போகும். புத்தகத்தைத் திறக்க நேரமில்லாத நெறியாளர் அதைப் பார்த்துக் கேட்டுவிடுவார். ஒரே ஆசிரியரை மூன்று நிலையங்களில் கேட்டால் மூன்றிலும் அதே கேள்வி, அதே பதில், அதே இடத்தில் அதே சிரிப்பு வருவது இதனால்தான். நாலாவது தடவை சொல்லும்போது அந்தப் பதில் மெருகேறி, எந்தச் சந்தேகமும் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும்.

படிக்காமல் வருவதையே கொள்கையாக வைத்திருந்தவர்களும் உண்டு. 1978 முதல் மியூச்சுவல் வானொலி வலையமைப்பில் அமெரிக்கா முழுவதும் கேட்கப்பட்ட லாரி கிங், விருந்தினரின் புத்தகத்தை முன்கூட்டியே படிப்பதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவந்தார். நேயருக்கு என்ன தெரியுமோ அவ்வளவுதான் தனக்கும் தெரிய வேண்டும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நிபுணர் தலைக்கு மேலே பேசும்போது ‘அப்படியென்றால் என்ன?’ என்று வெட்கப்படாமல் கேட்க அது உதவும். நடிகர், அரசியல்வாதி, தன் வாழ்க்கையை எழுதியவர் என்றால் இது போதும். அவர்கள் சொல்ல வருவது அவர்களிடமே இருக்கிறது. வரலாற்றாசிரியர் சொல்வதோ ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. புத்தகத்தைப் படிக்காத ஒருவரால் அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பார்க்கவே முடியாது.

வானொலியில் நிபுணர்கள் இன்று பேசுவதைப் போல் பேச ஆரம்பித்ததற்கே ஒரு கதை இருக்கிறது. தொடக்க காலத்தில் பேராசிரியர்கள் மைக் முன்னால் கட்டுரை வாசித்தார்கள், இல்லையென்றால் பொதுக்கூட்டத்தில் முழங்குவதைப் போல் முழங்கினார்கள். 1927இல் பிபிசியின் உரைப் பிரிவுக்குத் தலைமையேற்ற ஹில்டா மதேசன் இதை மாற்றப் பாடுபட்டார். வானொலியின் மறுமுனையில் இருப்பது கூட்டம் இல்லை, வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஓர் ஆள், அந்த ஆளிடம் பேசுவதைப் போல் பேசுங்கள் என்பது அவர் நிபுணர்களுக்குச் சொன்னதன் சாரம். பேச வருபவர்களை ஒத்திகை பார்க்கவைத்தார், பேச்சுநடையில் எழுதவைத்தார். வேடிக்கை என்னவென்றால், அப்படி இயல்பாக ஒலித்த பேச்சும் வரிக்கு வரி எழுதி வைத்துக்கொண்டு படித்ததுதான். அந்தக் காலத்து உரையாடல்களில் பலவும் அப்படியே. முதலில் பேசவைத்து, அதை எழுத்தாக்கி, திருத்தி, பிறகு பேசியவர்களையே மைக் முன்னால் வாசிக்கச் சொல்வார்கள்.

இரண்டாம் உலகப்போரில் இது இன்னும் இறுகியது. உரை முன்கூட்டியே தணிக்கைக்குப் போகும். ஒலிபரப்பின்போது எழுத்துப் படியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தணிக்கையாளர் உட்கார்ந்திருப்பார். பேசுபவர் ஏட்டிலிருந்து விலகினால் விசையைத் திருப்பி ஒலியை நிறுத்த அவருக்கு அதிகாரம் உண்டு. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் குறுக்குக் கேள்விக்கு எங்கே இடம்?

அதே போர்க்காலத்தில், 1941 ஜனவரியில் தொடங்கிய ‘பிரெய்ன்ஸ் டிரஸ்ட்’ நிகழ்ச்சி மக்களிடம் அப்படிப் பிடித்துக்கொண்டதற்கு இது ஒரு காரணமாக இருக்க வேண்டும். நேயர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு நிபுணர்கள் சிலர் கூடி, ஏடு இல்லாமல், அந்த நொடியில் தோன்றும் பதிலைச் சொல்வார்கள். கேள்வி என்னவென்று அவர்களுக்கு முன்னால் தெரியாது. உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லியும் தத்துவம் கற்பித்த சி. இ. எம். ஜோடும் அதில் நட்சத்திரங்கள். எந்தக் கேள்வி வந்தாலும், நீங்கள் எந்தப் பொருளில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது என்று ஜோடு ஆரம்பிப்பது நாடு முழுக்கக் கிண்டலடிக்கப்பட்ட வாசகமாயிற்று. அறிஞர் ஒருவர் யோசிப்பதைக் காதால் கேட்க முடிந்தது மக்களுக்குப் புதிது. (ஜோடின் முடிவு பரிதாபமானது. 1948இல் ரயிலில் டிக்கெட் இல்லாமல் போனதற்காக இரண்டு பவுண்டு அபராதம் கட்டினார். பிபிசி அவரைக் கைவிட்டது. தத்துவத்தில் அவர் செய்த தவறுகளுக்கு யாரும் அவரை நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.)

ஆனாலும் அது கேள்வி பதில்தான். ஒரே ஆளிடம் விடாமல் கேட்டுக்கொண்டே போகும் பேட்டியை ஒரு கலையாக வளர்த்ததில் பிரெஞ்சு வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. அல்ஜீரியாவில் பிறந்த கவிஞர் ஜான் அம்ரூஷ் 1949இல், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நோபல் பரிசு பெற்றிருந்த பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே ழீதை உட்காரவைத்து ஒரு தொடராகவே பேட்டி கண்டார். ஒரு மணி நேரத்தில் வாழ்க்கையைச் சுருக்கும் வேலை இல்லை. தவணை தவணையாக நீண்ட உரையாடல். அம்ரூஷுக்கு ழீதின் எழுத்து அத்துப்படி. அவர் என்றோ எழுதியதை நினைவுபடுத்தி, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று நெருக்க முடிந்தது.

அடுத்து வந்த 1950-51 தொடரில் ரொபேர் மல்லே பேட்டி கண்டது, பால் லெயொத்தோ என்ற முதிய எழுத்தாளரை. எழுபத்தெட்டு வயது, இலக்கிய வட்டத்துக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாதவர், பூனைகளோடும் நாய்களோடும் தனியாக வாழ்ந்தவர். மல்லே அவரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, மறுத்துப் பேசினார். கிழவர் கத்தினார், கீச்சுக்குரலில் சிரித்தார், கைத்தடியால் தட்டினார். அந்தத் தொடர் முடிவதற்குள் அவர் நாடறிந்த ஆளாகிவிட்டார். பணிந்து கேட்டிருந்தால் பழைய எழுத்தாளர் ஒருவரின் நினைவலைகள் என்று மறந்தே போயிருக்கும்.

சமூக அறிவியல் பக்கம் வந்தால், மானுடவியலாளர் குளோத் லெவி-ஸ்த்ரோஸிடம் ஜார்ஜ் ஷர்போன்னியே 1959இல் எடுத்த தொடர்பேட்டியைச் சொல்ல வேண்டும். மாற்றத்தை எதிர்த்துத் தம்மை நிலையாக வைத்துக்கொள்ள முயலும் சமூகங்களைக் கடிகாரத்துக்கும், உள்ளிருக்கும் ஏற்றத்தாழ்வையே எரிபொருளாக்கி ஓடும் சமூகங்களை நீராவி எஞ்சினுக்கும் அவர் ஒப்பிட்டது அந்த உரையாடலில்தான். ‘குளிர்ந்த’ சமூகம், ‘சூடான’ சமூகம் என்ற அந்தப் பிரிவினை பிற்பாடு எவ்வளவோ விமர்சிக்கப்பட்டது, அது சரிதான். ஆனால் அதை இவ்வளவு தெளிவாக அவரைச் சொல்லவைத்தது எதிரே உட்கார்ந்து, எனக்குப் புரியும்படி சொல்லுங்கள் என்று கேட்ட ஓர் ஆள். சக ஆய்வாளர்களுக்கு எழுதும்போது இந்த நெருக்கடி வருவதில்லை. அவர்களுக்குப் பாதி சொன்னாலே போதும்.

கேள்வியே கேட்காமல் கேட்பது இன்னொரு வித்தை. சிகாகோவின் டபிள்யூஎஃப்எம்டி நிலையத்தில் 1952 முதல் 1997 வரை பேட்டி எடுத்த ஸ்டட்ஸ் டெர்க்கல் அதில் கைதேர்ந்தவர். 1961இல் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் வந்தபோது, டெர்க்கல் முதலில் கறுப்பினப் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் பாட்டு ஒன்றை ஓடவிட்டார். வெள்ளத்தில் வீடிழந்த ஒரு பெண் பாடுவதாக அமைந்த புளூஸ் பாட்டு. பாட்டு முடிந்ததும், இதைக் கேட்கும்போது என்ன தோன்றுகிறது என்பதிலிருந்து பேச்சு தொடங்குகிறது. பால்ட்வின் தன் முதல் நாவலை முடிப்பதற்காகச் சுவிட்சர்லாந்தின் பனிமலைக் கிராமம் ஒன்றுக்கு ஒரு தட்டச்சுப்பொறியும் பெஸ்ஸி ஸ்மித்தின் இசைத்தட்டுகளுமாகப் போன கதைக்கு வருகிறார். அமெரிக்காவில் இருந்தபோது அந்தப் பாட்டுகளைக் கேட்கவே அவருக்குக் கூச்சம். தன் மக்களைப் பற்றி வெள்ளையர் சொன்னதைத் தானே உள்ளுக்குள் நம்பியதால் வந்த கூச்சம். சிறுவயதில் தன்னைச் சுற்றிக் கேட்ட பேச்சை அந்தக் குரல் வழியாகத்தான் மீட்டெடுக்க முடிந்தது என்கிறார். அழிவைப் பற்றிப் பாடும் குரலில் அழிவை ஏற்று அதைத் தாண்டிப் போகும் ஒரு தொனி இருப்பதையும் சுட்டுகிறார். ‘இனவெறி உங்கள் எழுத்தை எப்படிப் பாதித்தது?’ என்று கேட்டிருந்தால் ஒரு சொற்பொழிவு கிடைத்திருக்கும். இங்கே கிடைத்தது ஒரு மனிதர் தன் மொழியை எப்படி இழந்தார், எப்படித் திரும்பப் பெற்றார் என்ற சமூக வரலாறு. டெர்க்கல் எந்தப் பாட்டைப் போட வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்ததற்குக் காரணம் அவர் பால்ட்வினைப் படித்திருந்ததுதான்.

நிபுணர்களைப் பேசவைக்கும் இன்னொரு முறையை பிபிசி ரேடியோ 4 நிலையத்தின் ‘இன் அவர் டைம்’ நிகழ்ச்சியில் பார்க்கலாம். 1998 அக்டோபரில் தொடங்கியது. மெல்வின் பிராக் கால் நூற்றாண்டுக்கும் மேலாக நடத்தினார். பொருள் எதுவாக இருந்தாலும் அதே அமைப்பு: அதைப் பாடமாக நடத்தும் கல்வியாளர்கள் மூன்று பேர், ஏறத்தாழ முக்கால் மணி நேரம். இசை கிடையாது, பின்னணி ஒலி கிடையாது. நீண்ட காலம் நேரலையாகவே போனது.

மூன்று பேர் என்பதில்தான் சூட்சுமம். ஒருவர் மட்டும் இருந்தால் அவர் சொல்வதே வரலாறு. இருவர் என்றால் அது விவாதமாகி, வெற்றி தோல்வி வந்துவிடும். மூவர் இருக்கும்போது, முதலாமவர் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனதோடு மூன்றாமவர் ‘அது ஓரளவு உண்மைதான், ஆனால் நமக்குக் கிடைத்திருக்கும் ஏடுகள் எல்லாம் நூறு ஆண்டு கழித்து எழுதப்பட்டவை’ என்கிற மாதிரி அடக்கமாகச் சேர்ப்பார். துறைக்குள் எதில் ஒருமித்த கருத்து இருக்கிறது, எதில் இன்னும் இழுபறி என்பது அப்போதுதான் வெளியே தெரியும். பாட்காஸ்ட் வடிவம் வந்த பிறகு, ஒலிபரப்பு முடிந்த பின்னும் ஸ்டூடியோவில் தொடரும் பேச்சைச் சில நிமிடங்கள் சேர்த்துக்கொடுக்க ஆரம்பித்தார்கள். எதை விட்டுவிட்டோம் என்று பிராக் கேட்பார், தயாரிப்பாளர் உள்ளே வந்து டீயா காபியா என்று கேட்பதோடு அது முடியும். சுவாரசியமான சந்தேகங்கள் பலவும் அந்த மிச்சப் பேச்சில்தான் வரும். கடிகாரத்தின் நெருக்கடி போனதும் அறிஞர்கள் தோளைத் தளர்த்திக்கொள்கிறார்கள் போலும்.

நேரலையும் பதிவும் ஒன்றல்ல என்பதைக் கேட்பவர்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பதிவு செய்த பேட்டியை வெட்டி ஒட்டும்போது முதலில் போவது ‘ம்’, ‘வந்து’, ‘அதாவது’ போன்ற திக்கல்களும் இடைவெளிகளும். நேயருக்கு வசதிதான். ஆனால் வரலாற்றாசிரியர் ஒருவர் ‘இறந்தவர்கள் ஆயிரம் பேர்’ என்பதற்கு முன்னால் மூன்று விநாடி தயங்கினால், அந்தத் தயக்கமும் ஒரு தகவல். எழுத்தில் அதற்கு அடிக்குறிப்பு இருக்கும். பேச்சில் அடிக்குறிப்பின் வேலையைக் குரல்தான் செய்கிறது. அதை வெட்டினால் அனுமானமும் உறுதியான தகவலும் ஒரே தொனியில் ஒலிக்கும். நல்ல தொகுப்பாளர்களுக்கு இது தெரியும், தேவையான தயக்கத்தை விட்டுவைப்பார்கள். பேட்டியை நாற்பத்தைந்து நிமிடத்திலிருந்து எட்டு நிமிடமாகக் குறைக்கச் சொன்னால் அவர்களாலும் முடியாது.

பேட்டி என்றால் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள் என்றும் நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 1975 முதல் பிலடெல்பியாவிலிருந்து ‘ஃபிரெஷ் ஏர்’ நிகழ்ச்சியை நடத்திவரும் டெர்ரி குரோஸ், விருந்தினர்களில் பெரும்பாலோரை நேரில் பார்த்ததே இல்லை. அவர்கள் வேறு ஊர் ஸ்டூடியோவில் ஹெட்ஃபோனோடு இருப்பார்கள், இவர் இங்கே. முகம் தெரியாதது பேட்டிக்குக் கெடுதல் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் எதிராளியின் முகச்சுளிப்பைப் பார்க்காதபோது கடினமான கேள்வி சுலபமாக வருகிறது, பதில் சொல்பவரும் காதுக்குள் ஒலிக்கும் குரலிடம் மனம்விட்டுப் பேசுகிறார். நேயர் எப்படிக் கேட்கிறாரோ, அப்படித்தான் பேட்டி எடுப்பவரும் கேட்கிறார்.

யாரை அழைப்பது என்பது தனிப் பிரச்சினை. தயாரிப்பாளருக்கு நாளை காலைக்குள் ஓர் ஆள் வேண்டும். ஏற்கெனவே நன்றாகப் பேசியவரின் எண் கையில் இருக்கிறது. அவரையே மறுபடி கூப்பிடுவார். துறையில் ஆழமாக வேலை செய்தவரைவிட, சரளமாகப் பேசுபவர் ‘நிபுணர்’ ஆவது இப்படித்தான். பிபிசியில் 2017இல் தொடங்கிய ‘50:50’ முயற்சி, ஆண்களும் பெண்களும் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று நிகழ்ச்சிக் குழுக்களே எண்ணிப் பார்க்கவைத்தது. எண்ண ஆரம்பித்த பிறகுதான் சாய்வு பலருக்குக் கண்ணில் பட்டது. இன்னொரு சிக்கல் போலிச் சமநிலை. பிபிசியின் அறிவியல் செய்திகளைப் பற்றி மரபியலாளர் ஸ்டீவ் ஜோன்ஸ் 2011இல் கொடுத்த மதிப்பாய்வு, ஆய்வாளர்கள் ஒருமித்துச் சொல்லும் முடிவுக்கு எதிராக ஒற்றை மறுப்பாளரைச் சம தட்டில் வைப்பதைக் கண்டித்தது. வரலாற்றுக்கும் அது அப்படியே பொருந்தும். இனப்படுகொலை ஒன்று நடந்ததா இல்லையா என்று இருவரை மோதவிடுவது நடுநிலை ஆகாது.

இனிமேல் இந்தப் பேட்டிகளே வரலாற்று ஆவணங்கள். டெர்க்கலின் ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகளுக்கு 2018இல் இணையக் காப்பகம் திறந்தார்கள். அவற்றில் நிபுணர்கள் சொன்ன தகவல் பல காலாவதியாகியிருக்கும். எதையெல்லாம் விளக்கத் தேவையில்லை என்று அன்று நினைத்தார்கள் என்பது மட்டும் காலாவதியாவதில்லை. 1960களில் ஒரு சமூகவியலாளர் எந்தச் சொல்லை யோசிக்காமல் பயன்படுத்தினார், எந்த இடத்தில் நெறியாளர் குறுக்கிடாமல் விட்டார் என்பதெல்லாம் எழுத்தில் கிடைக்காத சான்று.

அப்புறம், மேற்கோள் காட்ட நினைப்பவர்களுக்கு நடைமுறையாக ஒன்று. இப்போது பல பேட்டிகளுக்குக் கணினி தானாகத் தயாரித்த எழுத்துவடிவம் கிடைக்கிறது. ஆள்பெயர், ஊர்ப்பெயர், ஆண்டு ஆகிய மூன்றிலும் அது தடுமாறும். வரலாற்றுப் பேட்டியில் இருப்பதெல்லாம் அந்த மூன்றும்தான். ஒலியைக் கேட்டுச் சரிபார்த்துவிட்டு, பதிவான நாள் வேறு, ஒலிபரப்பான நாள் வேறு என்றால் இரண்டையும் குறித்து, கிடைப்பது முழுப் பதிவா வெட்டிய வடிவமா என்பதையும் சொல்லிவிட வேண்டும்.